இருதயக் குழாயும் தோற்பையும்

சர்வதேச வர்த்தகக் கொள்கை என்னும் சொற்றொடரைக் கேட்டவுடன், அது ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் டில்லியிலும் பெரிய மனிதர்கள் பேசி முடிக்கும் விஷயம் என்றும், நமக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் மும்பையில் வாழும் தமிழ் மக்கள் அவ்வாறு எண்ணி வாளாவிருத்தல் இயலாது. 2017ஆம் ஆண்டுக்கும் 2019ஆம் ஆண்டுக்கும் இடையே நிகழ்ந்த ஒரு வர்த்தகத் தகராற்றில், இருதய நோயாளியின் நெஞ்சுக்குள் வைக்கப்படும் சிறியதோர் உலோகச் சாதனமும், தாராவிப் பட்டறைகளில் தைக்கப்படும் தோற்பையைப் போன்ற பண்டங்களும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. ஒன்றை இழுத்தால் மற்றொன்று அசையும் நிலை உண்டாயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் அச்சாதனத்தைப் பற்றிச் சில சொற்கள். இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது நெஞ்சுவலி தோன்றுகிறது. வழி திடீரென அடைபட்டால் மாரடைப்பு வருகிறது. மருத்துவர் மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள நாளத்தின் வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அடைப்பு உள்ள இடத்தில் சிறு பலூனை ஊதி வழியை அகலப்படுத்துகிறார். அகன்ற வழி மறுபடியும் சுருங்காதிருக்க அங்கே ஒரு வலைக்குழாயை நிறுத்திவிடுகிறார். அதுதான் ஸ்டென்ட். கோபால்ட், குரோமியம் முதலியவை கலந்த உலோகத்தை மூங்கில் தட்டிபோல் பின்னல் வடிவில் லேசர் ஒளியால் அறுத்துச் செய்வது அது. விரிந்த நிலையிலும் அதன் குறுக்களவு சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். வெறும் உலோகத்தால் ஆனது ஒரு வகை. உலோகத்தின்மேல் மருந்து பூசப்பெற்று, அம்மருந்து சிறுகச் சிறுகக் கசிந்து தசை மீண்டும் வளராமல் தடுப்பது இரண்டாவது வகை. இன்று பெரும்பாலும் பயன்படுவது இரண்டாவது வகையே.

நெல்மணி அகலமே உள்ள இப்பொருளுக்கு 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் என்ன விலை? மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வெறும் உலோக வகையின் விலை நாற்பத்தையாயிரம் ரூபாய் அளவில். உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ வாங்கிய விலைக்கும் நோயாளி கொடுத்த விலைக்கும் இடையில் எத்தனை கைகள் இருந்தன என்பதைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அந்த ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட கணக்கு காட்டியது. அக்கைகளுள் மிகுதியான இலாபம் எடுத்துக்கொண்டவை மருத்துவமனைகளே என்றும், சில இடங்களில் அந்த இலாபம் வாங்கிய விலையின் ஆறு மடங்கைத் தாண்டியது என்றும் அக்கணக்கால் தெரியவந்தது. நாள் கூலி பெறும் ஒருவர் தம் ஊரில் உள்ள வீட்டுமனையை விற்றோ, சீட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏலத்தில் எடுத்தோ கட்டிய தொகையின் பெரும்பகுதி உலோகத்துக்கும் மருந்துக்கும் சென்றதன்று. இடையில் நின்ற கைகளுக்குச் சென்றது.

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் இந்த உலோக வலைக்குழாய் ஒரு மருந்து. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தில் மருத்துவச் சாதனங்களுக்கெனத் தனி இடம் வகுக்கப்படவில்லை. ஆகவே 2005ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்டென்ட், கண்ணுக்குள் வைக்கும் வில்லை, இருதய வால்வு, எலும்புக்கு வைக்கும் உட்பொருள்கள் முதலியவற்றை ‘மருந்து’ என்று கருதவேண்டும் என அரசாங்கம் அறிவிக்கை செய்தது. உலோகத்தை மருந்து என்று எழுத நேரும்போது நம் பேனா சற்றுத் தயங்கத்தான் செய்யும். ஆயினும் இந்தச் சொல்விளையாட்டு இல்லாதிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திராது. மருந்தாக இருப்பதனால்தான் ஸ்டென்டை 2016ஆம் ஆண்டு ஜூலையில் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்க முடிந்தது. பட்டியலில் சேர்ந்ததனால்தான் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அதற்கு உச்சவரம்பு விதிக்க இயன்றது. இதற்கிடையே டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கும் அரசாங்கத்தை விரைவுபடுத்தியது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி உச்சவரம்பு அறிவிக்கப்பெற்றது. வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய். மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். வரி தனி. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்குரிய மூட்டுகளுக்கும் வரம்பு வந்தது. பெருவழக்கிலுள்ள கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று நிர்ணயம் ஆயிற்று. அதற்கு முன் அதன் சராசரி விலை ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது. மூட்டுத் தேய்மானத்தால் மாட்டுங்கா மாடிப்படிகளை ஏற இயலாமல் தவிக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது சிறிய செய்தியன்று.

விலை குறைந்தால் விற்போருக்கு வருத்தம் உண்டாவது உலக வழக்கம். இந்தியாவில் விற்பனையான ஸ்டென்டுகளில் கணிசமான பங்கு அமெரிக்க நிறுவனங்களுடையவை. ஆபட், மெட்ரானிக் ஆகிய நிறுவனங்கள் தங்களுடைய உயர்ந்த ரகங்கள் சிலவற்றை இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள அனுமதி கோரின. புதிய ரகத்துக்கும் பழைய ரகத்துக்கும் ஒரே விலை என்றால் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது எவ்வாறு என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் பொருள் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் விலையின் பெரும்பகுதி ஆராய்ச்சிச் சாலைக்குச் செல்லாமல் மருத்துவமனைக் கல்லாவில் தங்கியது என்பதை அவர்களும் அறிவார்கள்.

அடுத்து நடந்தது வாஷிங்டனில். அமெரிக்க மருத்துவச் சாதன உற்பத்தியாளர்களின் சங்கமாகிய அட்வமெட், இந்தியா தன் சந்தையில் நியாயமான இடம் தரவில்லை என்று அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தில் மனுச் செய்தது. பால்பண்ணைத் தொழிலினரும் உடன் சேர்ந்துகொண்டனர். மாமிசக் கழிவுகளைத் தீவனமாக உண்ணாத பசுவின் பால்தான் என்று சான்று வேண்டும் என இந்தியா கேட்பது அவர்களுடைய குறை. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் விசாரணை தொடங்கியது. இந்தியாவுக்கு அளிக்கப்பட்டு வந்த ஒரு சலுகையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்பதே கேள்வி.

அச்சலுகை யாது? வளரும் நாடுகளிலிருந்து வரும் குறிப்பிட்ட சில ஆயிரம் வகைப் பண்டங்களுக்குச் சுங்கவரி வாங்குவதில்லை என்பது அமெரிக்கா 1976ஆம் ஆண்டிலிருந்து நடத்திவந்த பொது முன்னுரிமைத் திட்டம். உலக வர்த்தக ஒப்பந்தங்களின் பொது விதி, ஒரு நாட்டுக்குக் காட்டும் வரிக் குறைவை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் காட்டவேண்டும் என்பதாகும். ஏழை நாடுகளின் நன்மைக்காக அவ்விதியில் விட்ட விலக்கின் அடிப்படையிலேயே இத்திட்டம் நிற்கிறது. இதில் நுணுக்கமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. பேரம் பேசிப் பெற்ற வரிக் குறைப்பை மறுபடியும் உயர்த்தவேண்டுமானால், உயர்த்தும் நாடு ஈடு தரவேண்டும். இதுவோ பேரத்தில் பெற்றதன்று; கொடுத்தது. கொடுத்த கை நிபந்தனை விதிக்கலாம், திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். இந்தியா அத்திட்டத்தால் மிகுதியான பயன் பெற்ற நாடாக இருந்தது. 2018ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு நூறு கோடி டாலர் பெறுமான இந்தியப் பண்டங்கள் இவ்வழியே வரியின்றி அமெரிக்காவுக்குள் சென்றன. அதனால் மிஞ்சிய வரி சுமார் 19 கோடி டாலர் என்று நம் அரசாங்கம் கணித்தது.

2019ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி அச்சலுகை இந்தியாவுக்கு நிறுத்தப்பட்டது. அத்திட்டமே 2020ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் காலாவதியாயிற்று என்பது பின்கதை.

இப்போது தாராவிக்கு வருவோம். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக் கூடத்தை அண்டித் தோல் பதனிடும் தொழில் அங்கே வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அத்தொழிலில் முன்னின்றன. பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்டன. ஆயினும் பை, பணப்பை, இடைவார் செய்யும் பட்டறைகள் நிலைத்துவிட்டன. அமெரிக்கா 2017ஆம் ஆண்டு ஜூலையில்தான் கைப்பை, பெட்டி, பணப்பை முதலிய பயணப் பொருள்களை இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு அச்சலுகைப் பட்டியலில் விரித்தது. தோல் பணப்பைக்கு எட்டு விழுக்காடும், தோல் கைப்பைக்கு ஒன்பது அல்லது பத்து விழுக்காடுமாக இருந்த வரி அதனால் நீங்கியது. நீங்கி இரண்டாண்டு நிறைவதற்குள் திரும்பி வந்துவிட்டது.

வரியைச் சுங்கத்தில் செலுத்துபவர் நியூயார்க்கில் உள்ள இறக்குமதியாளரே. ஆனால் சுமை அவர் தோளில் தங்குவதில்லை. அவர் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். ஏற்றுமதியாளர் பட்டறைக்காரரிடம் சொல்வார். பட்டறைக்காரருக்கு மேலும் கீழே தள்ளுவதற்கு உருப்படிக் கூலி ஒன்றுதான் உண்டு. தாராவியில் செய்யப்படும் தோற்பொருள்களுள் உள்நாட்டுக் கடைகளுக்குச் செல்வனவும் ஏராளம். அவற்றை இது தொடவில்லை. வெளிநாட்டு வேலையை நம்பிய பட்டறைகளின் கதை வேறு. பையைத் தைக்கும் கைக்கும், அதே குடும்பத்தில் நெஞ்சுவலியால் படுத்திருக்கும் தகப்பனாருக்கும் இடையே ஓர் அயல்நாட்டு மனு வந்து நின்றது என்றால், அது மிகையன்று. ஒருவருக்கு ஸ்டென்ட் விலை குறைந்தது. மற்றவருக்கு வேலை வரும் வழி சற்றுக் குறுகியது. இருவருள் எவரையும் எவரும் கலந்து பேசவில்லை.

வற்புறுத்தலுக்கு இணங்கி இந்தியா உச்சவரம்பைக் கைவிடவில்லை. கைவிடாதது சரியே என்பது நம் துணிபு. உயிர் காக்கும் பொருளின் விலையும் கைப்பையின் விலையும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. பின்னர் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஸ்டென்ட் வரம்பு அவ்வப்போது மாறி வந்தது. 2018ஆம் ஆண்டில் மருந்து பூசியதற்கு 27,890 ரூபாயாகக் குறைந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏறத்தாழ 38,900 ரூபாயை எட்டியது. எனினும் 2017ஆம் ஆண்டுக்கு முந்திய விலையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உச்சவரம்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். அது ஸ்டென்டின் விலையைக் கட்டியதே அன்றி, அறை வாடகையையும் பலூன் குழாயின் விலையையும் சிகிச்சைக் கட்டணத்தையும் கட்டவில்லை. குடத்தின் ஓரிடத்தில் ஓட்டையை அடைத்தால் நீர் வேறிடம் தேடும். ஆகையால் ஒரு பொருளின் விலையைக் கட்டுவதைவிட, முதல் விற்பனைக்கும் கடைசி விற்பனைக்கும் இடையேயுள்ள இலாபத்துக்கு வரம்பு கட்டுவது மேல் என்று கருதுவோரும் இருக்கின்றனர். 2021ஆம் ஆண்டில், கொரோனா நோயின் இரண்டாம் அலைக்குப் பின், பிராணவாயுச் செறிவூட்டி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வெப்பமானி, சர்க்கரை அளக்கும் கருவி முதலியவற்றுக்கு அரசாங்கம் இந்த வழியைத்தான் மேற்கொண்டது. இலாபம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டலாகாது என்று விதித்தது. அயல்நாட்டு நிறுவனங்களுக்கும் இம்முறையில் குறை கூற இடம் குறைவு.

இவ்வளவுக்கும் வேர் ஒன்றுதான். இந்தியாவில் பயன்படும் மருத்துவச் சாதனங்களில், மதிப்பின்படி நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு அயல்நாட்டிலிருந்து வருவதாக நெடுங்காலமாகக் கணக்கிட்டு வருகின்றனர். வாங்குகிறவன் விற்கிறவனோடு சண்டையிடும்போது அவன் குரல் ஓங்குவதில்லை. 2020ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இது கண்கூடாயிற்று. ஜெர்மனி முகக்கவசம் முதலிய பாதுகாப்புப் பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இந்தியாவும் முகக்கவசம், சுவாச இயந்திரம் முதலியவற்றை வெளியே அனுப்பலாகாது என்று உத்தரவிட்டது. நெருக்கடி நேரத்தில் வர்த்தக உடன்படிக்கைகள் கதவை மூடுவதற்கும் இடம் தருகின்றன என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தனர்.

உள்நாட்டில் செய்யும் ஆற்றல் நமக்கு இல்லையா என்றால், நம் தமிழகத்திலேயே நல்ல சான்று உண்டு. கண்புரை அகற்றியபின் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை ஒருகாலத்தில் முழுவதும் இறக்குமதி. ஒன்றின் விலை நூறு டாலர் அளவில். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992ஆம் ஆண்டில் ஆரோலாப் என்னும் தொழிற்சாலை தொடங்கி, அவ்வில்லையைப் பத்தில் ஒரு பங்கு விலைக்குச் செய்து காட்டியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து கண்வில்லை செல்கிறது. எந்த உச்சவரம்பும் விதிக்காமலே விலை இறங்கிற்று. எந்த நாட்டோடும் மனஸ்தாபம் நேரவில்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உருவான இருதய வால்வும் அத்தகையதே. 1990ஆம் ஆண்டு டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, டி.டி.கே. நிறுவனம் செய்து வழங்க, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் பயன் பெற்றுள்ளனர். ஸ்டென்டும் இப்போது சூரத்திலும் வாபியிலும் செய்யப்படுகிறது. சூரத்தில் வைரம் அறுக்கும் லேசர் இயந்திரங்களைச் செய்தவர்களே அங்கே ஸ்டென்ட் தொழிலுக்கும் வந்தார்கள் என்பது கேட்க இனிய செய்தி. வைரத்துக்குப் பழகிய ஒளி உலோகத்துக்கும் பயன்பட்டது.

செம்பூரில் வாழும் நேயர்களுக்கு இவ்வரலாற்றின் ஒரு பகுதி பக்கத்து வீட்டுச் செய்தி. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில், ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் 1974ஆம் ஆண்டில் ஐசோமெட் என்னும் ஆலை தொடங்கப்பெற்றது. பஞ்சு, கட்டுத்துணி, ஊசிக்குழல், தையல் நூல் ஆகியவற்றைப் பெட்டியில் அடைத்து மூடியபடியே கோபால்ட்-60இன் காமாக் கதிரில் செலுத்திக் கிருமி நீக்கும் ஆலை அது. பெட்டியைத் திறக்கவேண்டாம், சூடாக்கவேண்டாம். சிறு பட்டறைக்காரர் தம் பொருளை அங்கே கொண்டுபோய்க் கிருமி நீக்கித் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்படுத்த முடிந்தது. தனித்தனியே ஆலை வைக்க அவர்களால் இயன்றிருக்குமா? அந்நிலையத்தின் பொறியாளர்கள் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை தரும் பாபாட்ரான் இயந்திரத்தையும் வடிவமைத்தார்கள். பெங்களூர் நிறுவனம் ஒன்று அதைச் செய்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் திட்டத்தின் வழியே வியத்நாமுக்கு இந்தியா நன்கொடையாக அளித்த இயந்திரமும் அதுவே. இறக்குமதி செய்தே பழகிய தேசத்துக்கு இது பெருமை தரும் காரியம்.

ஆனால் செய்வதோடு விஷயம் முடிவதில்லை. செய்ததை ஏற்பார் வேண்டும். தாராவியில் ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்து அறுவைச் சிகிச்சைத் தையல் நூலுக்கு மூலப்பொருளாகத் தரும் பட்டறைகள் இருந்தன. கேட்கட் என்பது அந்நூலின் ஆங்கிலப் பெயர். பெயரில் பூனை இருந்தாலும் நூலில் பூனை இல்லை, ஆடும் மாடுமே உண்டு. உடலுக்குள் தைத்தால் சில வாரங்களில் தானே கரைந்துவிடும் என்பது அதன் சிறப்பு. மேலை நாடுகளில் மாடுகளுக்கு மூளைநோய் பரவியபின், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் விலங்குக் குடல்நூலை விலக்கி, இரசாயன முறையில் செய்த நூலை மேற்கொண்டன. இந்திய ஆட்டுக்கு அந்நோய் வந்ததா என்பது கேள்வியாகவே எழவில்லை; விதி எல்லாருக்கும் பொது. மாடு தின்ற தீவனத்துக்காக ஐரோப்பா குடல்நூலை மறுத்தது; மாடு தின்ற தீவனத்துக்காக இந்தியா அமெரிக்கப் பாலை மறுத்தது. காரணங்கள் வேறு, கதவு மூடும் முறை ஒன்றே. சுங்கவரி ரூபாயில் கணக்கிடத் தக்கது. தரவிதியோ ஒரு நாளில் சந்தை முழுவதையும் அடைத்துவிடும்.

ஆகவேதான் நம் நாட்டிலும் தரவிதி பலப்பட்டது. மருத்துவச் சாதனங்களுக்கெனத் தனி விதிகள் 2018ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவச் சாதனங்களும் சட்டப்படி மருந்தாயின. ஆபத்து குறைந்தவற்றுக்கு 2022ஆம் ஆண்டு அக்டோபரிலும், ஆபத்து மிகுந்தவற்றுக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபரிலும் உரிமம் கட்டாயமாயிற்று. இடையே 2020ஆம் ஆண்டில் இறக்குமதிச் சாதனங்கள் பலவற்றின்மீது ஐந்து விழுக்காடு சுகாதார மேல்வரி விதிக்கப்பட்டது. உள்நாட்டில் செய்வோருக்கு உற்பத்திக்கேற்ற ஊக்கத்தொகையாக 3,420 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மேல்வரியைப் பற்றி நாம் சற்று ஐயத்தோடுதான் பேசவேண்டும். உள்நாட்டில் இன்னும் செய்யத் தொடங்காத இயந்திரத்துக்கு வரி போட்டால், அதைச் செலுத்துபவர் கடைசியில் நோயாளியே.

நடைமுறைக்கு உதவும் ஒரு குறிப்பு. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை தன் ரசீதில் ஸ்டென்டின் விலையைத் தனி வரியாகக் காட்டவேண்டும்; அதன் பெயர், செய்த நிறுவனம், தொகுதி எண் ஆகியவற்றையும் எழுதவேண்டும். மொத்தத் தொகை ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளவேண்டியதில்லை. பிரித்துக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. மூட்டுச் சிகிச்சைக்கும் வரம்பு விலையும் வரியும் தனித்தனியே தெரியவேண்டும். ரசீது இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்க இயலாதவர் அண்டை வீட்டில் படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்னரே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் கேட்டால் அந்தத் தொகுதி எண் எளிதில் கிடைப்பதில்லை.